பாடம் போடாத இலை

எண்பத்தெட்டு பவுண்டுக்குக் கீழே இறங்கினால் மருந்து ஏற்றுவதை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது வசந்தமலர் தொண்ணூற்றிரண்டு பவுண்ட் இருந்தாள். காரில் ஏறியதும், "அது எத்தினை கிலோ?" என்று கேட்டாள்.

"நாப்பது," என்றார் பேரின்பநாதன்.

"பத்தாம் வகுப்பிலயே நான் அதைவிடக் கூட."

பிளசன்டனில் வீடு வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். செப்டெம்பர் கடைசி. ஃப்ரீவேயின் இரு பக்கமும் மலைகள் காய்ந்து, படுத்திருக்கும் மாடுகளின் முதுகு நிறத்தில் கிடந்தன.

மருந்து வேலை செய்யாமல் இல்லை. சூலகத்தில் தொடங்கி வயிற்றுக்குள் பரவியிருந்த கட்டிகள் ஒவ்வொரு ஸ்கேனிலும் சின்னதாகிக்கொண்டு வந்தன. கூடவே ஆளும் சின்னதாகிக்கொண்டு வந்தாள். சோறு வேகும் மணம் வந்தாலே அவள் மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். காலையில் மூன்று கரண்டி கஞ்சி. மத்தியானம் ஒரு ஐஸ் குச்சி. பின்னேரம், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்காக இன்னொரு கரண்டி. பசிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அவளைச் சுவர் பிடித்து நடக்க வைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் மே மாதத்தில் ஒரு நாள் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள். அதை நினைத்துக்கொண்டுதான் பேரின்பநாதன் அந்தக் கோடைகாலம் முழுவதையும் ஓட்டினார்.

மருந்து ஏற்றும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஷ்யாமளா என்று ஒரு சென்னைப் பெண் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஊசியோடேயே ஆபீஸ் மீட்டிங் பேசுவாள். அவள்தான் ஒரு நாள் பையிலிருந்து பிஸ்கட் ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்து நீட்டினாள்.

"மலர் அக்கா, இத வீட்டுக்குப் போய் சாப்பிடுங்க. இங்க வேணாம், அப்புறம் நர்ஸைப் பாத்து சிரிச்சிட்டே இருப்பீங்க."

"என்ன இது?"

"எல்லாம் நம்ம சிவன் சமாச்சாரம்தான்."

அன்றைக்குப் பின்னேரம் வசந்தமலர் இரண்டு குழல் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டாள். ஒரு வாழைப்பழத்தையும் உரித்துக்கொண்டு, "இன்னும் கிடக்கோ?" என்று கேட்டாள். பேரின்பநாதன் வெறும் புட்டுக் குழலைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் நின்றார். திரும்பி நின்றால் அழுவதை அவள் பார்த்துவிடுவாள் என்று மாவை எடுத்து மறுபடியும் குழைக்கத் தொடங்கினார்.

அந்தக் கஞ்சாப் பிஸ்கட்டை அவர்கள் கடைக்குப் போய் வாங்க முடியாது. கடை காரில் பதினைந்து நிமிடத் தூரம். கலிஃபோர்னியாவில் அது குற்றமும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் காத்திருந்து, இருவரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். மாநிலத்தின் சட்டம் ஒன்று, நாட்டின் சட்டம் வேறொன்று என்று வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார். கஞ்சாக் கடையில் அடையாள அட்டையைக் கேட்பார்கள், அது எங்கேயாவது பதிந்திருக்கும், நேர்முகத்தில் அதிகாரி கேட்டால் பொய் சொல்ல முடியாது, உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும். மகள் பவதாரணி இங்கே பிறந்தவள், அவளுக்குப் பயமில்லை. ஆனால் கடையில் வாங்க இருபத்தொரு வயதாக வேண்டும், அவளுக்கு அதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

"கடைன்னா ஐடி கேப்பான்," என்று ஷ்யாமளாவும் சொன்னாள். "நான் சிட்டிசன், நான் வாங்கித் தர்றதுல பிரச்சினை இல்ல. ஆனா நான் எத்தனை நாள் வருவேன்னு யாருக்குத் தெரியும்? இந்தாங்க சார், நாலு நாத்து. பின்னாடி தோட்டத்துல வைங்க. செடி யார்கிட்டயும் ஐடி கேக்காது."

அவள் ஜூலை வரைக்கும் எப்போதாவது ஒரு பாதிப் பிஸ்கட் கொண்டுவந்தாள். ஆகஸ்டில் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

செடி வளர்ப்பதைப் பற்றி வக்கீலிடம் பேரின்பநாதன் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. ஃபோனில் மகளோடு கதைக்கும்போது அதற்குக் கீரை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

*

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை கீரையை வெட்டினார்.

நாலு செடியும் வேலிக்கு மேலே வளர்ந்துவிடாதபடி வளைத்துக் கட்டியிருந்தார். மொட்டுகள் கைவிரல் தடிமனில், பிசின் மினுங்க நின்றன. வசந்தமலர் கம்பளித் தொப்பியோடு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடியோட வெட்டுறியளே, பாவம்."

"கொப்புக் கொப்பாத்தான் வெட்டுறன். நீர் கதவைச் சாத்தும், மணம் வரும்."

"இந்த மணம் எனக்குப் பிரச்சினை இல்லை. சோத்து மணம்தான் பிரச்சினை." மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "நாயைக் குளிப்பாட்டித் தேசிக்காய்ப் புளி தேய்ச்ச மாதிரி இருக்கு."

மகள் தான் படிக்கும் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பியிருந்த குறிப்பை அவர் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். பெரிய இலைகளை நறுக்கிவிட்டு, கொப்புகளைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். இருட்டு வேண்டும். அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் ஈரமாக இருக்கக் கூடாது. காற்றாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும், மொட்டுகளின் மேல் நேரே படக்கூடாது. கீழ்மாடிக் குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கம்பி இழுத்து, அவர் அத்தனையையும் தொங்கவிட்டார். கையிலும் கத்தரிக்கோலிலும் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தபோது போனது.

பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது கைக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலைச் செய்கைக்காரர். பதினாறு வயதுவரை பேரின்பநாதன் அந்த வேலையைச் செய்தார், வெறுப்போடு. கறுத்துப்போன விரல்களைப் பள்ளிக்கூடத்தில் மேசைக்குக் கீழே மறைத்துக்கொள்வார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பனியில் இருபது வருடமாக வேலைசெய்கிறார். அங்கே ஒருவரிடமும் தன் அப்பா என்ன செய்தார் என்று சொன்னதில்லை. ஒன்று மட்டும் அவர் மறக்கவில்லை. பதினொரு வயதில் ஒரு பந்தயத்துக்காகப் பாடம் போடாத, குவித்துப் பதப்படுத்தாத புகையிலைத் துண்டைக் கடித்துத் தின்றுவிட்டு ஒரு பகல் முழுக்க வாந்தியெடுத்துக் கிடந்தார். உதடெல்லாம் வெளுத்து, கைகால் நடுங்கி. பச்சை இலை விஷம், பாடம் போட்ட இலைதான் இலை என்று அப்பா அன்றைக்கு அவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

பத்து நாள் அவர் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் குளியலறைக்குள் நின்றார். ஈரமானி அறுபதுக்கு மேலே போனால் வெளிக்கதவைத் திறந்தார், கீழே இறங்கினால் ஒரு வாளியில் தண்ணீர் வைத்தார். வசந்தமலர் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு இவ்வளவு பாக்கேல்லை நீங்கள்."

"உமக்குத்தானே பாக்கிறன்."

பதினோராம் நாள் காலை ஒரு சின்னக் காம்பை எடுத்து வளைத்தார். வளையவில்லை. டிக்கென்று முறிந்தது. அப்படி முறிந்தால் காய்ந்துவிட்டது என்று குறிப்பில் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள் ஆஸ்பத்திரித் தராசு தொண்ணூறு காட்டியிருந்தது.

அவர் மகளுக்கு ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, கீரை காஞ்சிட்டுது. முறியுது."

"ஓ மை காட், அப்பா, நைஸ்! ஓகே, நெக்ஸ்ட் க்யூர் பண்ணணும்."

"அதெண்டா?"

"க்யூரிங். எப்பிடிச் சொல்றது... வெயிட், டிரான்ஸ்லேட் பண்றேன்." அவள் நடந்துகொண்டே பேசுகிறாள் என்று தெரிந்தது. மூச்சு வாங்கியது. பின்னால் சைக்கிள் மணி. "பா-டம் செய்-தல். பாடம்? தட்ஸ் லைக் ஸ்கூல் பாடம், ரைட்? இது ராங்கா வந்திருக்கு."

பேரின்பநாதன் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு வந்த உண்மையான சிரிப்பு.

"சரியாத்தான் வந்திருக்கு. பாடம் போடுறது. அது எனக்குத் தெரியும்."

"ரியலி? எப்பிடி?"

"அது எங்கட பரம்பரைத் தொழில்."

"வாட்! நீங்க சொல்லவே இல்லையே! ஓகே, ஸ்டில், லிங்க் அனுப்பறேன், படிங்கப்பா. கண்ணாடி ஜார்ல போட்டு, டெய்லி மூடி திறந்து... எனக்கு மிட்டேர்ம், நான் ஓடணும். படிங்க, ஓகே?"

"ஓம் ஓம். நீ போ."

லிங்க் வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலை ஒன்று இந்த நாட்டில், இந்த வீட்டில், இந்த வருடத்தில் தேவைப்பட்டிருக்கிறது என்ற நினைப்பு அவரை நிரப்பியிருந்தது. டாக்டர் சொன்னதையும் வக்கீல் சொன்னதையும் மகள் சொன்னதையும் கேட்டுக் கேட்டு நடந்த ஒரு வருடத்தில், யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய ஒன்று.

வசந்தமலர் வரவேற்பறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிட்டுதோ?"

"ஓம். வடிவாக் காஞ்சிருக்கு."

"அப்ப கொஞ்சம் தாங்கோவன். நெய்யில போட்டுத் தாங்கோ. இண்டைக்குப் புட்டு அவியுங்கோ."

"இல்லை, மலர். இன்னும் பாடம் போடேல்லை."

"ஒரு சின்னத் துண்டு."

"பாடம் போடாத இலை ஆளைக் கொல்லும். உமக்கு இருக்கிற வாந்தி காணாதோ? நான் திண்டு பாத்தனான், எனக்குத் தெரியும்."

"அது பொயிலை எல்லோ?"

"எல்லாம் இலைதான்."

அவள் கம்பளிப் போர்வைக்குள் கால்களை இழுத்துக்கொண்டாள். "க்யூர் எண்டால் சுகப்படுத்துறது எண்டுதானே நாங்கள் படிச்சனாங்கள்? இப்ப அதுக்கு முதலில சுகப்படுத்தி, பேந்து எனக்கோ? எத்தினை நாள்?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமையோ!"

"கெதியாச் செய்தால் பழுதாப்போம். இவ்வளவு நாள் பொறுத்தனீர்."

"சரி," என்றாள். பிறகு, இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிற பிள்ளையைப் போல அவரைப் பார்த்தாள். "நான் பசியோட கேட்டிட்டன் எண்டு நினையாதையுங்கோ. பசி இல்லை. பசி வரும் எண்டு ஒரு ஆசைதான்."

"வரும்," என்றார் அவர். "நல்லா வரும்."

*

பிக்னிக்குக் கொண்டுபோகும் பெரிய ஐஸ் பெட்டியைக் கராஜிலிருந்து எடுத்துக் கழுவினார். அதன் அடியில் பாஸ்மதி அரிசி வந்த சாக்கை விரித்தார். ஃபிரிமான்ட் கடையில் வாங்கிய பனங்கட்டியைக் காய்ச்சிப் பாணி எடுத்து ஆறவைத்தார். மொட்டுகளைக் காம்பிலிருந்து பிரித்து, அப்பா புகையிலையை அடுக்கியது போல அடுக்கடுக்காக அழுத்தி வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் விரல் நுனியால் பாணியைத் தெளித்தார். மேலே இன்னொரு சாக்கு, அதற்கு மேலே ஒரு பலகை, பலகையின் மேல் இருபது பவுண்ட் அரிசிப் பை. மூடியைச் சாத்தினார்.

வசந்தமலர் பனங்கட்டி மணத்துக்கு எட்டிப் பார்த்தாள். "மருந்து செய்யிறியளோ, சர்க்கரைப் புக்கை பொங்கிறியளோ?"

"பேசாமப் போய் இரும்."

நாலாம் நாள் மூடியைத் திறந்து உள்ளே கை விட்டார். சூடு. நடுவில் விரலை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. சரியாக அப்படித்தான் இருக்க வேண்டும். குவியல் வேர்க்க வேண்டும். மேலிருந்ததைக் கீழேயும் கீழிருந்ததை மேலேயும் மாற்றி அடுக்கினார். எட்டாம் நாள் மூக்கில் அடிக்கிற ஒரு காரம் கிளம்பியது. கண் எரிந்தது.

"இதென்ன பூனை மூத்திரம் மாதிரி மணக்குது?" என்றாள் வசந்தமலர் மாடிப்படியிலிருந்து.

"அதுதான் அடையாளம். இலை பதப்படுது."

"நம்பிறன்," என்றாள். ஒரு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்து நின்று, மறுபடி மேலே போய்விட்டாள்.

அந்த நாட்களில் அவள் கஞ்சியையும் விட்டுவிட்டாள். சர்க்கரைத் தண்ணீரும் ஆஸ்பத்திரிப் பாலும் மட்டும். அடுத்த தராசில் எண்பத்தெட்டரை. நவம்பர் நாலாம் திகதி பார்ப்போம் என்றார் டாக்டர். அன்றைக்கு அடுத்த மருந்து ஏற்றும் நாள்.

"நாலாந் திகதிக்குள்ள பாடம் ஆகிடுமோ?" என்று திரும்பும் வழியில் அவள் கேட்டாள்.

"அதுக்கு ரெண்டு நாள் முதலே ஆகிடும்."

"அப்ப ரெண்டு நாள் நல்லாச் சாப்பிட்டிட்டுப் போவம். இடியப்பம். சொதி." கைவிரலை மடக்கி எண்ணினாள். "மீன் பொரியல் வேண்டாம், அது வீடு முழுக்க மணக்கும். இல்லை, அதுவும் வேணும்."

அவள் உணவைப் பற்றி அப்படிக் கதைத்துப் பல வாரமாகியிருந்தது. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திகதி, மத்தியானம் பெட்டியைத் திறந்தார்.

மேல் சாக்கைத் தூக்கியபோது அது மொட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் எல்லாம் கறுத்துச் சேறாகியிருந்தது. புகையிலையின் நல்ல கறுப்பு இல்லை. ஓரங்களில் வெள்ளை. முதலில் அதைப் பிசின் என்று நினைத்தார். விரலால் தொட்டபோது அது பஞ்சு போல அமுங்கி, விரலோடு நூலாக எழுந்தது. இன்னொரு அடுக்கைத் தூக்கினார். அங்கே சாம்பல் பச்சை. ஊதினால் புகையாகப் பறக்கும் போலிருந்தது. அடியிலாவது, அடியில் ஒரு பிடியாவது நன்றாக இருக்கும் என்று முழங்கைவரை உள்ளே விட்டுத் தோண்டினார். அடியில்தான் இன்னும் மோசம்.

கராஜில் நின்றபடி மகளுக்கு வீடியோவில் காட்டினார்.

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். பிறகு, "அப்பா, அதைத் தொடாதீங்க. மாஸ்க் போடுங்க. கராஜ் டோர் திறங்க. அம்மா பக்கத்தில வரக்கூடாது, ஓகே? அவங்களுக்கு இம்யூனிட்டி ஸீரோ. லங்ஸ்ல போனா..."

"வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தை நெய்யில காய்ச்சினா?"

"நோ! காய்ச்சினாலும் போகாது. எல்லாத்தையும் எறியணும். என்ன பண்ணீங்க? ஜார்ல வைக்கலயா?"

"பாடம் போட்டனான். பாணி தெளிச்சு, பாரம் வச்சு."

"என்ன பாணி?"

"பனங்கட்டி."

"சுகர் வாட்டரா? அப்பா!" அவள் குரல் உடைந்தது. "அது சும்மா ஜார்ல போட்டு டெய்லி காத்து விடறது. அவ்வளவுதான் க்யூரிங். ஈரமே படக்கூடாது. நான் அனுப்பின லிங்க்ல ஃபர்ஸ்ட் லைன்ல இருக்கு."

பேரின்பநாதன் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமலே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார்.

"பிள்ளை. காஞ்ச உடன, அண்டைக்கே, குடுத்திருந்தா? வாந்தி வந்திருக்குமோ?"

"இல்லப்பா. அன்னிக்கே யூஸ் பண்ணலாம். டேஸ்ட் கொஞ்சம் ஹார்ஷா இருக்கும். க்யூரிங் ஜஸ்ட் டேஸ்டுக்கும், ரொம்ப நாள் வைக்கிறதுக்கும்தான்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். திரையில் அவள் முகம் மாறியது. "ஏன்? அம்மா கேட்டாங்களா?"

அவர் ஃபோனைப் பெட்டிப் பக்கமாகத் தாழ்த்தினார்.

"அப்பா. ஐ டோன்ட் நோ ஃபார் ஷுவர், ஓகே? நான் டாக்டர் இல்ல. எனக்கு ஷுவரா தெரியாது."

"சரி பிள்ளை. நீ படி."

அவர் பெட்டியை மூடினார். கையை எண்ணெய் போட்டுக் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, ப்ளீச் போட்டுக் கழுவினார். சட்டையைக் கழற்றிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். பிறகு வேறு சட்டை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். கடைக்குப் பதினைந்து நிமிடம். அட்டையைக் காட்டட்டும். பதியட்டும்.

வசந்தமலர் ஸோஃபாவில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார அவளுக்கு இரண்டு தரம் முயற்சிக்க வேண்டியிருந்தது.

"எங்க போறியள்?"

"கடைக்கு."

"எந்தக் கடைக்கு?"

அவர் சாவியைப் பார்த்தார்.

"பழுதாப்போச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவள் அதைத் தனக்குள் எங்கேயோ வைக்க இடம் தேடுவது போலச் சுற்றிப் பார்த்தாள். "இருங்கோ," என்றாள். "நீங்கள் போகக் கூடாது. நான் போனபிறகு நீங்கள் பிள்ளைக்குக் கிட்ட இருக்க வேணும். அந்தக் கடைப் படி ஏறிப்போட்டு வந்து, இந்த நாட்டில உங்களை ஒருத்தன் கேள்வி கேக்கிறதுக்கு நான் விடமாட்டன்."

"மலர்..."

"ரெண்டு நாளில நான் என்னத்தைத் திண்டு எத்தினை பவுண்ட் ஏறுவன்? யோசிச்சுப் பாருங்கோ. லிஃப்டுக்குப் பாரம் எவ்வளவு எண்டு கணக்குப் பாக்கிற ஆள்தானே."

அவர் சாவியை மேசையில் வைத்தார். அடுப்படிக்குப் போய் இடியப்ப மா எடுத்தார். அவள் கேட்டிருந்தாள் என்பதற்காக இடியப்பம் பிழிந்து, சொதி வைத்தார். மீன் பொரித்தார், வீடு முழுக்க மணக்கும் என்று தெரிந்தும். அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரு இடியப்பத்தின் நூல்களை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு நூலை வாயில் வைத்தாள். அதை விழுங்குவதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் சொதி ஆறி ஆடை கட்டியது.

*

செவ்வாய்க்கிழமை தராசு எண்பத்தைந்து காட்டியது. நர்ஸ் அவளை இறங்கச் சொல்லி, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏறச் சொன்னாள். எண்பத்தைந்து.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கட்டி சுருங்கியிருக்கிறது என்று முதலில் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு, இந்த உடம்பில் இனி மருந்தை ஏற்றினால் நோய்க்கு முன்னால் மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். வசந்தமலர் நன்றி சொன்னாள். பார்க்கிங்குக்கு வந்ததும், "நல்ல மனிசன்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாடிக்குப் போகவில்லை. கராஜுக்குள்ளேயே, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"அந்தப் பெட்டி எறிஞ்சாச்சோ?"

"இல்லை. குப்பை வண்டி வியாழக்கிழமை."

"காட்டுங்கோ."

"வேண்டாம். உமக்கு மூச்சுக்கு ஆகாது. பிள்ளை சொன்னவள்."

"இனி என்னத்துக்கு ஆகாது?"

அவர் பெட்டியை இழுத்து வந்து, கதவுப்பக்கமாக வைத்து, காற்று வெளியே போகட்டும் என்று கராஜ் ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டார். மூடியைத் தூக்கினார். வசந்தமலர் காரிலிருந்து குனிந்து பார்த்தாள். வெள்ளை இன்னும் பரவியிருந்தது. ஷட்டருக்கு வெளியே யாரோ ஒரு அம்மா பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"எவ்வளவு பாடுபட்டனீங்கள்," என்றாள் வசந்தமலர். கையை நீட்டினாள். அவர் தடுக்கப் போனார், பிறகு தடுக்கவில்லை. அவள் குவியலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இன்னும் சூடு கிடக்கு."

"ஓம்."

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஒரு துணியை நனைத்து வந்து முழங்காலில் உட்கார்ந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். விரல்கள் மோதிரம் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தன.

"என்னப்பா."

"ம்."

"அண்டைக்கு நான் கேக்கேக்க தந்திருந்தாலும் எனக்கு வாந்திதான் வந்திருக்கும். என்ன?"

அவர் தலை நிமிரவில்லை. அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரு சமாதானத்தை அவள் நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொண்டால் போதும். ஒரேயொரு சொல். ஓம் என்றால் அவளும் ஓம் என்பாள். வரப்போகிற நாட்களில் இருவரும் அந்தச் சொல்லுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்துவிடலாம்.

"சொல்லுங்கோ," என்றாள் அவள். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. தனக்காக அவள் இவ்வளவு கெஞ்சியதில்லை. "வாந்திதானே?"

"இல்லை, மலர்," என்றார். "சாப்பிட்டிருப்பீர்."

அவள் கையை அவரிடமிருந்து இழுக்கவில்லை. அவர் துடைத்து முடித்திருந்தும் துணியை விடாமல் அதே விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். திறந்த ஷட்டர் வழியாக வெயில் கராஜின் பாதிவரைக்கும் வந்து, பெட்டியின் விளிம்பில் விழுந்து, அங்கேயே நின்றது.